சிறு நாயின் கருத்தடை: எதை நீக்குவது, எவ்வழியே, எப்போது

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிடலாம் என்று வீட்டார் முடிவெடுத்த உடனே அடுத்த கேள்வி வந்து நிற்கிறது: எந்த முறையில் செய்வது? கருப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டுமா, சூலகங்களை மட்டும் எடுத்தால் போதுமா? வயிற்றின் நடுவில் கீறுவதா, இடுப்புப் பக்கத்தில் கீறுவதா, சிறு துளை வழியாகக் கேமரா வைத்துச் செய்வதா? முதல் பருவத்துக்கு முன்பா, பின்பா? இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவர்கள் வெவ்வேறு விடை சொல்லி வருகிறார்கள்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் போன்ற ஊர்களில் பொமரேனியன், பக், ஷிட்சூ போன்ற குட்டை நாய்கள் இன்று சாதாரணம். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகளில் ஆட்டுப்பட்டிக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் காவல் இருப்பவை ஒடிசலான நாட்டு நாய்கள். முன்னவை பெரும்பாலும் 10 கிலோவுக்கு உட்பட்டவை. பின்னவற்றிலும் பெட்டைகள் 20 கிலோவை எட்டுவது அரிது. உலக அளவில் நடந்த ஆய்வுகள் இந்த இரு எடை வரம்புகளையே முக்கியமான கோடுகளாகக் கொள்கின்றன. ஆகவே இங்குள்ள நாய்களுக்கு அவற்றின் முடிவுகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்று பார்ப்பது பயனுள்ளது.

கேள்வி உருவான விதம்

நாய்க் கருத்தடை இரு வேறு தேவைகளிலிருந்து வளர்ந்தது. ஒன்று, தெரு நாய்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது. இந்தியாவில் இதன் முன்னோடி சென்னை. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் திட்டத்தை 1964-இல் முன்வைத்தது. அந்த அமைப்பின் சின்னி கிருஷ்ணா இதற்காகப் பல்லாண்டுகள் வாதாடினார். சென்னை மாநகராட்சி 1996-இல் அத்திட்டத்தை ஏற்றது. 2001-இல் மத்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளைக் கொண்டுவந்தது. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. தெரு நாய்க்கு உள்ளாட்சி அமைப்பும், வளர்ப்பு நாய்க்கு அதன் உரிமையாளரும் பொறுப்பு என்று இப்புதிய விதிகள் பிரித்துக் கூறுகின்றன.

மற்றொன்று, தனி நாயின் நலம். கருப்பையில் சீழ் பிடிப்பது, மடியில் கட்டி வருவது, பொய்க் கர்ப்பம், வேண்டாத குட்டிகள் ஆகியவற்றைத் தவிர்க்க வீட்டு நாய்களுக்கு அறுவை செய்யும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருபதாம் நூற்றாண்டில் பரவியது.

இந்த இரு தேவைகளும் கேட்பவை ஒன்றல்ல. தெரு நாய்த் திட்டத்துக்கு ஒரே நாளில் பல நாய்களுக்குச் செய்யக்கூடிய, பின்கவனிப்பு குறைவாகத் தேவைப்படும் முறை வேண்டும். வீட்டு நாய்க்கு ஓர் உயிரின் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்வைக் கணக்கில் கொள்ளும் முறை வேண்டும். ஒரு தேவைக்காக வளர்ந்த முறையை மற்றதற்கு அளவுகோலாக்கும்போதுதான் விவாதத்தில் குழப்பம் நுழைகிறது. எதை நீக்குவது, எவ்வழியே நீக்குவது, எப்போது நீக்குவது என்ற மூன்று தனிக் கேள்விகளை ஒன்றாக்கிவிடுவது இன்னொரு குழப்பம். இங்கே அவற்றைப் பிரித்தே பார்க்கிறோம்.

எதை நீக்குவது: மூன்று நிலைப்பாடுகள்

முதல் நிலைப்பாடு, சூலகங்களோடு கருப்பையையும் நீக்குவது. அமெரிக்கப் பாடநூல்கள் வழியாகப் பரவிய இம்முறையே இந்தியாவிலும் பெருவழக்கு. ‘கருப்பை எடுக்கிற ஆபரேஷன்’ என்று மக்கள் சொல்வதும் இதைத்தான். கருப்பையே இல்லாதபோது அதில் நோய் வர வாய்ப்பில்லை என்பது இதன் அடிப்படை வாதம்.

இரண்டாவது, சூலகங்களை மட்டும் நீக்குவது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1980-களிலிருந்து இதைக் கைக்கொண்டார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் இன்று இதுவே வழக்கம். கருப்பையில் சீழ் பிடிக்கச் சூலகத்தின் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் தேவை. சூலகம் முழுமையாக நீங்கினால் கருப்பை சுருங்கிச் செயலற்றுக் கிடக்கும் என்பது இவர்களது வாதம். இரு முறைகளிலும் அறுவை செய்யப்பட்ட நாய்களை 8 முதல் 11 ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டு ஓக்கென்ஸ் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, நீண்டகாலச் சிக்கல்களில் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2006-இல் வான் கூத்தெம் குழுவினர் அதுவரையிலான சான்றுகளைத் திரட்டி, நலமான இளம் நாய்க்குக் கருப்பையை எடுக்க வலுவான காரணம் இல்லை என்று முடிவுசெய்தார்கள். விட்டுவைத்த கருப்பையில் புற்றுநோய் வராதா என்பது இயல்பான ஐயம். நாய்களுக்கு வரும் கட்டிகளில் கருப்பைக் கட்டி அரை சதவீதத்துக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை.

இந்த வாதம் வலுவானது என்றாலும், நடைமுறையில் அதன் ஆதாயத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது. பீட்டர்ஸும் கிர்பன்ஸ்டைனும் 2011-இல் இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, கீறலின் நீளம் தவிர, எடுத்துக்கொண்ட நேரத்திலோ வலியிலோ குறுகியகாலச் சிக்கல்களிலோ தெளிவான வேறுபாடு தென்படவில்லை. சூலகத்தை மட்டும் எடுப்பதற்குச் சிறிய கீறல் போதும். சிறு நாயின் சிறிய வயிற்றில் அது ஓர் அனுகூலம்தான், ஆனால் முறையைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிய அனுகூலம் என்று சொல்ல முடியாது.

இரு முறைகளுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. சூலகத்தின் சிறு துண்டு உள்ளே தங்கிவிட்டால் நாய் மீண்டும் பருவத்துக்கு வரும். எஞ்சிய கருப்பையிலோ கருப்பையின் அடிக்கட்டையிலோ சீழ் பிடிக்கவும் கூடும். வலது சூலகம் விலா எலும்புக்கு அடியில் ஆழமாக இருப்பதால் அங்கேதான் தவறு நேர வாய்ப்பு அதிகம். ஆகவே கருப்பையை எடுத்தாரா விட்டாரா என்பதைவிட, இரு சூலகங்களும் முழுதாக வெளியே வந்தனவா என்பதே பின்னாள் நலத்தைத் தீர்மானிக்கிறது.

ஏற்கெனவே கருப்பையில் நோய் இருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. சீழ் பிடித்த கருப்பையும், சினையுற்ற கருப்பையும், கட்டிகளோடு வீங்கிய கருப்பையும் நீக்கப்பட வேண்டியவையே. நடுவயதில் முதன்முறையாக அறுவைக்கு வரும் நாயிடம் கருப்பை மாற்றங்கள் இருக்கக்கூடும் என்பதால், உள்ளே பார்த்தபின் முடிவெடுக்கும் உரிமையை மருத்துவருக்கு விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது நிலைப்பாடு புதியது. கருப்பையை மட்டும் எடுத்துச் சூலகங்களை விட்டுவைத்தால் குட்டி பிறக்காது, ஹார்மோனும் நிற்காது என்கிறார்கள் இதை ஆதரிப்பவர்கள். சூலகங்களோடு நீண்டகாலம் வாழ்ந்த ராட்வைலர் பெட்டைகளின் ஆயுள் கூடியிருந்ததாக 2009-இல் வெளிவந்த வாட்டர்ஸ் குழுவினரின் ஆய்வு இவர்களுக்கு ஊக்கம் தந்தது. ராட்வைலர் பெரிய இனம், எலும்புப் புற்றுக்கு ஆளாகும் இனம். அதன் முடிவை மூன்று கிலோ பொமரேனியனுக்குக் கொண்டுவருவது பொருந்தாது. இம்முறையில் நாய் பருவத்துக்கு வருவது தொடரும், ஆண் நாய்கள் வாசலில் கூடும், மடிக் கட்டி வரும் வாய்ப்பும் இருந்துகொண்டிருக்கும். கருப்பையின் கழுத்துப் பகுதியை முற்றிலும் நீக்காவிட்டால் அடிக்கட்டையில் சீழ் பிடிக்கலாம். சிறு நாய்க்கு இதைப் பரிந்துரைக்க இன்றுள்ள சான்றுகள் போதா.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் கருத்தடை ஊசியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன் போன்ற மருந்துகள் பருவத்தைத் தள்ளிப்போடும். அதே மருந்துகள் கருப்பையில் சீழ் பிடிக்கவும் மடிக் கட்டி வரவும் வழிசெய்யும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அறுவைக்குப் பயந்து இவ்வூசியைத் திரும்பத் திரும்பப் போட்ட நாய், பின்னர் உயிருக்கு ஆபத்தான நிலையில் அதே அறுவைக்கு வர நேரிடும்.

எவ்வழியே: நடுக்கோடு, பக்கவாட்டு, துளைவழி

அடிவயிற்றின் நடுக்கோட்டில் தொப்புளுக்குக் கீழே கீறுவது உலகெங்கும் மிகுதியாகக் கற்பிக்கப்படும் வழி. இரு சூலகங்களையும் ஒரே கீறலில் எட்டலாம். நடுக்கோட்டில் தசை இல்லாமல் நார்த்திசு மட்டும் இருப்பதால் குருதிக்கசிவு குறைவு. ஏதேனும் ரத்தக்குழாய் நழுவினால் கீறலை நீட்டி உடனே தேட முடியும். தையல் அவிழ்ந்தால் குடல் சரிய வாய்ப்பு இருப்பதும், பாலூட்டும் நாயில் மடி பெருத்து வழியை மறைப்பதும் இதன் குறைகள்.

இடுப்புப் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம், கீறும் முறையை இந்தியத் தெரு நாய்த் திட்டங்கள் பெரிதும் வளர்த்தெடுத்தன. ஜெய்ப்பூரின் ஹெல்ப் இன் சஃபரிங் அமைப்பைச் சேர்ந்த ஜாக் ரீஸும் அவருடன் பணியாற்றியவர்களும், வலப்பக்கச் சிறுகீறல் முறையை விரிவாக விளக்கி 2012-இல் பிரிட்டனின் வெட்டரினரி ரெக்கார்டு இதழில் வெளியிட்டார்கள். வலது சூலகமே எட்டக் கடினமானது என்பதால் வலப்புறம் கீறுகிறார்கள். தசை இழைகளை வெட்டாமல் அவை ஓடும் திசையிலேயே விலக்கி உள்ளே செல்வதால், மூடியபின் தசை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். தையல் விட்டாலும் குடல் சரிவது அரிது. புண் பக்கவாட்டில் இருப்பதால் நாயைத் தொடாமல் தொலைவிலிருந்தே கவனிக்கலாம். பாலூட்டும் நாய்க்கும் இது ஏற்றது.

இந்த அனுகூலங்களில் பெரும்பகுதி தெரு நாய்க்கே உரியவை. வீட்டு நாயைத் திருப்பிப் படுக்கவைத்து வயிற்றைப் பார்க்க முடியும். தொலைவிலிருந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எதிர்ப்பக்கச் சூலகத்தைக் கருப்பைக் கொம்பைப் பிடித்து இழுத்துத்தான் எட்ட வேண்டியிருக்கிறது. அங்கே ரத்தக்குழாய் நழுவினால் அந்தச் சிறு கீறல் வழியே தேடுவது கடினம். மெக்கிராத் குழுவினர் 2004-இல் எழுதிய மதிப்பீடு, பருத்த நாய், சினையுற்ற நாய், கருப்பையில் சீழ் உள்ள நாய், 12 வாரத்துக்கு உட்பட்ட குட்டி ஆகியவற்றுக்கு இவ்வழியைத் தவிர்க்கச் சொல்கிறது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து பருத்துப்போன பக் நாய்க்கு இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். அதேவேளை, மலையில் ஆடுகளோடு திரியும் மெலிந்த நாட்டு நாய்க்கு இம்முறை நன்றாகவே பொருந்தலாம். படுக்கவைத்துப் புண் பார்க்க விடாத நாய்க்கும், குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் நாய்க்கும் இது நியாயமான தேர்வு.

மூன்றாவது, லேப்ராஸ்கோப்பி எனும் துளைவழி. வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, ஒன்றிரண்டு அல்லது மூன்று சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் சூலகங்களை நீக்குவார்கள். சூலகத்தைத் தாங்கும் நாணை விரலால் இழுத்து அறுக்க வேண்டியதில்லை; வலி குறைவதற்கு இது ஒரு காரணம். சிறு நாய்களைப் பற்றியே நடந்த ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. கல்ப் குழுவினர் 2009-இல், 10 கிலோவுக்கு உட்பட்ட 20 நாய்களின் கழுத்துப்பட்டையில் அசைவுமானி பொருத்தி, அறுவைக்குப் பிந்தைய இரண்டு நாள் நடமாட்டத்தை அளந்தார்கள். திறந்த அறுவை செய்த நாய்களின் நடமாட்டம் ஏறத்தாழ 62 சதவீதம் குறைந்தது. துளைவழி செய்தவற்றில் 25 சதவீதமே குறைந்தது.

ஆதாயம் மெய்யானது, ஆனால் அளந்தது 20 நாய்களை, அதுவும் இரண்டு நாள்களுக்கு. இரு பிரிவு நாய்களும் சில நாள்களில் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். மறுபக்கம், சிறு வயிற்றில் கருவிகள் இயங்க இடம் குறைவு. முதல் துளையிடும்போது மண்ணீரல் காயப்படலாம். வாயு அழுத்தம் நுரையீரல் விரிவதைத் தடுப்பதால் மயக்க மருந்துக் கண்காணிப்பு கூர்மையாக இருக்க வேண்டும். செயற்கைச் சுவாசம் தரும் வசதியும் பயிற்சி பெற்ற குழுவும் இல்லாத இடத்தில் இம்முறையின் அனுகூலம் அபாயமாக மாறிவிடும். இத்தகைய வசதி சென்னை போன்ற பெருநகரங்களில்தான் எளிதாகக் கிடைக்கிறது; கள்ளக்குறிச்சியிலிருந்து அது ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

எப்போது

முறையைவிட அதிகம் சர்ச்சைக்குள்ளானது காலம். 1969-இல் ஷ்னைடர், டார்ன், டெய்லர் மூவரும் வெளியிட்ட ஆய்வு, முதல் பருவத்துக்கு முன் சூலகம் நீக்கிய நாய்க்கு மடிக் கட்டி வரும் வாய்ப்பு, நீக்காத நாயின் வாய்ப்பில் 0.5 சதவீதமே என்றது. ஒரு பருவத்துக்குப் பின் நீக்கினால் 8 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பருவங்களுக்குப் பின் 26 சதவீதம். இவை நீக்காத நாயோடு ஒப்பிட்ட விகிதங்கள். நூறு நாய்களில் எத்தனைக்குக் கட்டி வரும் என்ற கணக்காக இவற்றைப் பலர் தவறாகப் படித்துவிடுகிறார்கள். 2012-இல் போவே, கார்ட்வெல், பிராட்பெல்ட் ஆகியோர் இத்துறையின் ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்து, முன்கூட்டிய கருத்தடை மடிக் கட்டியைத் தடுக்கிறது என்பதற்கான சான்று வலுக்குறைந்தது என்று முடிவுசெய்தார்கள். பயன் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் நேர்த்தியாக இல்லை என்றார்கள்.

கருப்பைச் சீழ் பற்றிய சான்று இதைவிட உறுதியானது. சுவீடனில் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை வழக்கமாக இருந்ததில்லை. ஆகவே அந்நாட்டுக் காப்பீட்டுப் பதிவுகள், சூலகத்தோடு வாழும் நாய்களுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டுகின்றன: பத்து வயதுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கிறது. அவசர அறுவைக்கு உடனடி வழியில்லாத மலைக்கிராமத்தில் இந்த ஒரு செய்தியே கருத்தடையின் பக்கம் தராசைச் சாய்க்கப் போதுமானது.

முன்கூட்டிச் செய்தால் மூட்டு நோய் வரும் என்ற அச்சம், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஹார்ட் குழுவினர் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பரவியது. கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் அவர்கள் கண்ட விளைவு அது. 2020-இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது, சிறு இனங்களில் அத்தகைய மூட்டுப் பாதிப்பு கூடவில்லை. பாஸ்டன் டெரியர், ஷிட்சூ என்ற இரு சிறு இனங்களில் மட்டும் புற்றுநோய் சற்றுக் கூடியதாக அவர்கள் பதிவுசெய்தார்கள். ஷிட்சூ வளர்ப்பவர்கள் இதை மருத்துவரிடம் பேசலாம். பொமரேனியனுக்கும் பக்குக்கும் இக்கவலை பொருந்தாது.

சிறுநீர்க் கசிவிலும் எடையே பேசுகிறது. அர்னால்டு குழுவினரின் 1989 ஆய்வில், கருத்தடைக்குப்பின் சிறுநீர்க் கசிவுக்கு ஆளானவை 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் 30.9 சதவீதம், அதற்குக் குறைந்தவற்றில் 9.3 சதவீதம். அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 20 கிலோவுக்கு உட்பட்டிருக்கும் பெட்டைக்கு முதல் பருவத்துக்கு முன், ஐந்து ஆறு மாதத்தில் செய்யலாம் என்கிறது. பருவத்தில் இருக்கும்போது ரத்தக்குழாய்கள் பெருத்திருப்பதால் அறுவையைத் தவிர்த்து, இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே பொதுவான ஆலோசனை.

சிறு உடலின் தனி அபாயம்

நடுக்கோடா பக்கவாட்டா என்று விவாதிக்கும்போது பின்னுக்குத் தள்ளப்படுவது மயக்க மருந்து. பிரிட்டனில் 98,000-க்கும் மேற்பட்ட நாய்களைத் தொடர்ந்து பிராட்பெல்ட் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு மொத்தத்தில் 0.17 சதவீதம், நலமான நாய்களில் 0.05 சதவீதம். ஐந்து கிலோவுக்கு உட்பட்ட நாய்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதும் அதே தொகுப்பிலிருந்து தெரியவந்தது. இறந்த நாய்களில் ஏறத்தாழ பாதி, அறுவை முடிந்த பிறகு இறந்தவை. அவற்றிலும் பல முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

காரணங்கள் தெளிவானவை. சிறு உடலில் எடைக்கு மீறிய தோல்பரப்பு இருப்பதால் சூடு விரைவில் இறங்குகிறது. மயிர் மழித்த வயிற்றில் தடவும் ஸ்பிரிட்டே அதைக் குளிரவைக்கும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி. அது இறங்க இறங்க மயக்கம் தெளிவது தாமதமாகும், இதயத்துடிப்பு தளரும். குட்டி நாயை இரவு முழுவதும் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை குறையும். எடையைக் குத்துமதிப்பாகச் சொன்னால் மருந்தின் அளவு மாறிவிடும். மூன்று கிலோ நாயில் அரைக் கிலோ தவறு பெரிய தவறு. தட்டை மூக்கு பக்குக்கும் ஷிட்சூவுக்கும் மூச்சுக்குழலில் குழாய் செலுத்தி, நன்றாக விழித்தபின்பே அதை எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு நாய்களுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்றொன்று உண்ணிக் காய்ச்சல். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா கிருமி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. வெளியே நலமாகத் தோன்றும் நாய் அறுவை மேசையில் நிற்காத ரத்தக்கசிவுக்கு ஆளாகலாம். ஆடுமாடுகளோடு திரியும் நாய்க்கு அறுவைக்கு முன் ரத்தத் தட்டணு எண்ணிக்கை பார்ப்பது அவசியமான செலவு.

கள்ளக்குறிச்சியிலும் மலையிலும்

2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மக்கள் மாட்டாஸ்பத்திரி என்றே அழைக்கும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளும் மருந்தகங்களும் முதன்மையாகக் கறவை மாடு, ஆடுகளின் சுமையைச் சுமப்பவை. சேலம் நெடுஞ்சாலையில் சின்னசேலத்தைத் தாண்டிய சிறிது தொலைவில் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருப்பது இப்பகுதிக்குப் பெரும் வாய்ப்பு. நாமக்கல்லிலும் புதுச்சேரியிலும் உள்ள கல்லூரிகள் அடுத்த தேர்வுகள். ஐந்து கிலோவுக்கு உட்பட்ட நாய், தட்டை மூக்கு நாய், வயது முதிர்ந்த நாய் ஆகியவற்றைப் பயிற்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் சிரமம் தகும். நலமான இளம் நாட்டு நாய்க்கு, இந்த அறுவையை அடிக்கடி செய்யும் உள்ளூர் மருத்துவரே போதும்.

கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு வேறு கணக்குகளும் உண்டு. தையல் பிரிக்க மறுபடி மலையிறங்குவது ஒரு நாள் கூலியை இழப்பது. ஆகவே தானே கரையும் நூலால் தோலுக்கடியில் போடும் தையலைக் கேட்டுப்பெறலாம். அறுவை முடிந்த முதல் சில மணி நேரமே ஆபத்தானது என்பதால், மயக்கம் தெளியாத நாயோடு உடனே மலைப்பாதையில் ஏறக் கூடாது. காலையில் அறுவை, மாலைவரை மருத்துவமனை அருகில் காத்திருப்பு என்று திட்டமிட வேண்டும். முடிந்தால் அன்றிரவு கீழேயே உறவினர் வீட்டில் தங்கலாம். மார்கழி, தை மாதக் குளிரில் மலைமேல் செய்யும் பின்கவனிப்பைவிட வேறு மாதங்கள் நல்லவை. பட்டியில் கட்டாமல் பத்து நாள் சாக்கு விரித்த உலர்ந்த இடத்தில் வைத்து, புண்ணை நக்காதபடி கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். வலிக்கு மருத்துவர் தரும் மருந்தை மட்டும் கொடுக்க வேண்டும். வீட்டிலிருக்கும் டைக்ளோஃபினாக், புரூஃபென் மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகளை ஒருசேரப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். நலமான இளம் சிறு நாய்க்குச் சூலகத்தை மட்டும் நீக்குவதும் கருப்பையோடு நீக்குவதும் ஏறத்தாழ சமம். வீட்டு நாய்க்கு நடுக்கோட்டுக் கீறல் பாதுகாப்பான பொதுத் தேர்வு. மெலிந்த, பாலூட்டும், எளிதில் கைக்கு அடங்காத நாய்க்குப் பக்கவாட்டுக் கீறல் பொருத்தமானது. துளைவழி அறுவை முதல் நாள்களின் வலியைக் குறைக்கிறது. அதற்காக அனுபவமுள்ள திறந்த அறுவை மருத்துவரை விட்டு வெகுதொலைவு செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய இனங்களைப் பற்றிய மூட்டு, சிறுநீர்க் கசிவு அச்சங்கள் சிறு நாய்க்குப் பெரிதும் பொருந்தவில்லை.

திறந்தே இருக்கும் கேள்விகளும் உண்டு. முதல் பருவத்துக்கு முன்பா, அதன் பின்பா என்பதற்கு மடிக் கட்டிச் சான்று இன்னும் உறுதியான விடை தரவில்லை. சூலகத்தை விட்டுவைக்கும் முறையின் நீண்டகால விளைவு சிறு நாய்களில் தெளிவாகவில்லை. இங்கே பேசிய நீண்டகால ஆய்வுகள் எல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த நாய்களைப் பற்றியவை. உண்ணியும் வெயிலும் வேறுவகைத் தீனியும் சூழ்ந்த நம் நாட்டு நாய்க்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதை நம் கால்நடைக் கல்லூரிகளே ஆராய்ந்து சொல்ல முடியும். அறுவை செய்த நாய்களைப் பத்தாண்டு தொடரும் ஒரு பதிவேடு அதற்கு நல்ல தொடக்கமாகும்.

அதுவரை நாய் வளர்ப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முறையின் பெயரைக் கேட்கும் முன், மருத்துவரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இந்த அறுவையை அடிக்கடி செய்கிறீர்களா? இந்த எடை நாய்க்கு மயக்க மருந்தும் மூச்சுக்குழாயும் எப்படித் தருவீர்கள்? உடல்சூட்டை எப்படிக் காப்பீர்கள்? வலிக்கு என்ன தருவீர்கள்? விழிக்கும்வரை யார் பக்கத்தில் இருப்பார்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லும் மருத்துவர் தமக்குப் பழகிய எந்த வழியில் செய்தாலும், அதுவே உங்கள் நாய்க்குச் சரியான முறை.